தங்கை வீட்டுச் சோறு

"இறக்குங்க, முதல்ல அதை இறக்குங்க" என்று கத்திக்கொண்டே ஒரு பெரியவர் காரிலிருந்து இறங்கினார். கார் இன்னும் முழுதாக நிற்கக்கூட இல்லை. சாவு வீட்டு வாசலில் இப்படியொரு குரலை யார் எதிர்பார்த்தார்கள்? நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஏணியின் உச்சியில் பேனர் கட்டிக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸ் கடை செந்தமிழன், ஒரு கையில் கயிறும் மறு கையில் வேப்பங்கிளையுமாக, இறங்குவதா கட்டுவதா என்று தெரியாமல் விழித்தான்.

பேனரில் ஒரு பெரிய ஐந்நூறு ரூபாய் நோட்டு. அதில் காந்தி இருக்க வேண்டிய இடத்தில் ஆரோக்கியநாதன் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே, 'கண்ணீர் அஞ்சலி. ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர், செஞ்சி மண்ணின் மைந்தர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

"ஆளுநர்னா கவர்னருங்க. சார் கவர்னர் இல்ல. தலைமைப் பொது மேலாளரா ரிட்டயர் ஆனவர். அதுவும் போகட்டும், நோட்டுப் படத்தை இப்படியெல்லாம் போடக் கூடாது. கேஸ் ஆகிடும்" என்றார் பெரியவர். மூச்சு வாங்கியது அவருக்கு.

"இன்னா சார் நீங்க. காசு வாங்காம ஒரு மரியாதைக்கு அடிச்சது. நோட்டுல கையெழுத்து போட்டவருக்கு நோட்டுலதான சார் படம் போடணும்?"

"கையெழுத்தும் அவர் போடலப்பா!"

அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கிய லில்லிக்கு, செத்துப்போன அண்ணன் ஐந்நூறு ரூபாய்க்குள் முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்தவர்கள், கூடப் பிறந்தவள் இல்லையா என்று வழிவிட்டு ஒதுங்கினார்கள். சிரிக்க ஆரம்பித்தது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கைப்பையில் போன் அடித்தது. அவள் வீட்டுக்காரர் ஆதிமூலம்.

"ஒல கொதிக்குதுடி. அரிசி போடவா வேணாமா? சமையல் ஆளுங்க கரண்டிய புடிச்சிக்கினு நிக்கறாங்க."

"கொஞ்சம் இருங்க."

"நான் இருப்பேன். ஒல இருக்குமா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்கான சோறு கொண்டான் கொடுத்தான் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். கட்டிக்கொடுத்த தங்கை அதே ஊரில் இருந்துவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதே இல்லை. சோறு அவள் வீட்டிலிருந்து வரும். வேதக்கார வீடு, இந்து வீடு என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது. அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக ஆதிமூலம் தன் எண்ணெய் மில் களத்தில் கோட்டை அடுப்பு வெட்டி, அண்டா ஏற்றிவிட்டார். லில்லிதான் அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, உலையில் போடப் போனவர்களைக் கை நீட்டித் தடுத்தாள்.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். ஆரோக்கியநாதன் தன் தங்கை வீட்டில் ஒருநாளும் கை நனைத்ததில்லை.

லில்லி அப்போது கோட்டைமேடு நகரக் கூட்டுறவு வங்கியில் டைப்பிஸ்ட். வங்கித் தலைவரின் மகன் ஆதிமூலத்தைப் பிடித்துப்போய், வீட்டில் சண்டை போட்டு, ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டாள். மில் களத்தில் பந்தல் போட்டு விருந்து. மெட்ராஸிலிருந்து அண்ணன் வந்தார். புடவை கொடுத்தார், போட்டோவுக்கு நின்றார், மச்சான் தோளில் கைகூடப் போட்டார். இலை போட்டபோது மட்டும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் அவர் வாழைப்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்ததை ஆதிமூலத்தின் சித்தப்பா பார்த்துவிட்டு வந்து பந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அன்று ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்கு வருவார், பிள்ளைகளுக்குத் துணி எடுத்து வருவார், கூடத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார். சாப்பாடு என்று எடுத்தால் வயிறு சரியில்லை என்பார். மாத்திரை போட்டிருக்கிறேன் என்பார். இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். தண்ணீர்கூடப் பையிலிருக்கும் பாட்டிலிலிருந்துதான். இந்து வீடு என்பதாலோ என்று லில்லி முதலில் நினைத்தாள். ஆனால் அவலூர்பேட்டையில் ரங்கநாதன் என்ற சிநேகிதர் வீட்டுத் திருமணத்தில் அவர் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்த சேதி அவள் காதுக்கு வந்தது. அதற்கப்புறம் அவள் சமாதானம் தேடுவதை விட்டுவிட்டாள். மற்ற வீட்டில் வயிறு சரியாக இருக்கிறது, என் வீட்டு வாசல்படி மிதித்தால்தான் கெட்டுவிடுகிறது என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தாள். பாம்பேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று, திருவண்ணாமலை ரோட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் அண்ணன் மாறவில்லை. நடந்தால் பத்து நிமிஷம்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில்.

இப்போது அந்த வீட்டுச் சோற்றை அவர் சாவுக்குக் கொண்டுவந்து இறக்கலாமா? உயிரோடு இருந்தபோது வேண்டாம் என்றவருக்கு, வேண்டாம் என்று சொல்ல வாயில்லாத நேரம் பார்த்துச் செய்வது மரியாதையா, இல்லை பழிவாங்கலா? கொண்டுவராவிட்டால், அண்ணன் சாவுக்கு ஒருபிடி சோறு போடாதவள் என்ற பேர் மிஞ்சும். காலையிலிருந்து இதையே உருட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தால் ஏதாவது தெளியும் என்று நினைத்துத்தான் உலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கூடத்தில் குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே அண்ணன். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். வாய் நன்றாக மூடியிருந்தது. லில்லி கண்ணாடியின்மேல் கை வைத்துக் குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெளியவில்லை. உயிரோடு இருந்தபோதும் அந்த முகத்தைப் பார்த்து யாரும் எதையும் தெரிந்துகொண்டதில்லை.

அதற்காக ஊர் அந்த முகத்தில் அர்த்தம் தேடாமல் இருந்துவிடவில்லை. காலடியில் உட்கார்ந்திருந்த பக்கத்துவீட்டு நாகம்மாள் இப்போது அதைத்தான் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

"அந்த சீட்டு கம்பெனியில பணம் போட்டிருந்தேன் சாமி. இருக்கட்டுமா எடுக்கட்டுமான்னு இந்த மனுசன கேட்டேன். வாயத் தொறக்கல, மூஞ்சியத் திருப்பிக்கினாரு. அதுலயே புரிஞ்சிக்கினேன். மறுநாளே எடுத்துட்டேன். ஆறு மாசத்துல அவன் ஊர விட்டே ஓடிட்டான். என் கொலதெய்வமே!"

"என் வூட்டுக்காரரு கேட்டப்பவும் மூஞ்சியத்தான் திருப்பிக்கினாரு. சரி, பயமில்லன்னு வுட்டுட்டோம். எல்லாம் போச்சி" என்றாள் சுவரோரம் இருந்த ஒருத்தி, வெடுக்கென்று.

நாகம்மாளுக்கு ஒப்பாரி அறுந்துபோயிற்று. இரண்டு பேரும் பெட்டிக்குள் இருந்தவரைப் பார்த்தார்கள், இப்போதாவது எது சரி என்று சொல்லுவார் என்பதுபோல.

லில்லிக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து பந்தலுக்கு வந்தாள். கத்திக்கொண்டு வந்த பெரியவர் ஒரு நாற்காலியில் தனியாக இருந்தார். பேனர் கீழே இறங்கி, எழுத்து உள்ளே போக மடிந்து கிடந்தது. கடையிலிருந்து வந்த டீயைத் தட்டில் வைத்து ஒவ்வொருவருக்கும் நீட்டிக்கொண்டு போனார்கள். பெரியவர் கைகூப்பி வேண்டாம் என்றார். பிறகு பையைத் திறந்து, தன்னுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்கு குடித்தார்.

லில்லி அவர் எதிரில் போய் நின்றாள். மூடியைத் திருகும் விதம்கூட அண்ணன் மாதிரியே இருந்தது.

"நீங்க வெளிய ஒண்ணும் சாப்ட மாட்டீங்களா?"

"பழக்கம் இல்லம்மா. நீங்க?"

"அவரு தங்கச்சி. லில்லி."

அவர் சட்டென்று எழுந்து நின்றார். "நான் செல்லப்பன்மா. மெட்ராஸ். சார்கூட இருபத்தஞ்சு வருஷம் வேலை பாத்தேன். உங்களைப் பத்தி சொல்லியிருக்கார்."

"என்னைப் பத்தியா? இன்னா சொன்னாரு?"

செல்லப்பன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரச் சொன்னார். அவர்கள் வேலை என்ன என்று அவள் கேட்டபோதுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"பேங்குகளைச் சோதனை போடறதுமா. உள்ள போட்டிருக்கிற ஜனங்க பணம் பத்திரமா இருக்கா, குடுத்த கடன் திரும்புமா, புத்தகத்துல எழுதினது நெசம்தானா... இப்படி. ஒரு பேங்க் கெட்டுப்போறதுக்கு முன்னாடியே மோந்து பாத்துச் சொல்லணும். ஒரு ஊருக்குப் போனா மாசக்கணக்குல உக்காந்திருப்போம். அங்க ஒரு டீ குடிக்கக் கூடாது. சார் அதுல ரொம்பக் கண்டிப்பு. தண்ணிகூட லாட்ஜுலேர்ந்து எடுத்துட்டுப் போவோம். 'ஒருத்தன் குடுத்த டீயைக் குடிச்சுட்டு, அவன் பேங்க்கை மூடணும்னு எழுத உனக்குக் கை வருமாய்யா?'ன்னு கேப்பார்."

லில்லி நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்திக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரரும் ஒரு பேங்க்ல டைரக்டரா இருந்தாரு."

"கோட்டைமேடு நகர பேங்க். தெரியும்மா." செல்லப்பன் குரலைத் தாழ்த்தினார். "சார் அந்த ஃபைலைக் கையால தொட மாட்டார். மேஜைக்கு வந்தா, தங்கச்சி வீட்டு சம்பந்தம் இருக்கு, வேற ஆபீசர் பாக்கட்டும்னு எழுதி அனுப்பிடுவார். அப்படியும் ஒருத்தன் மொட்டைக் கடுதாசி போட்டுட்டான். மச்சானுக்காக இவர் தலையிட்டுத்தான் ரிப்போர்ட் நல்லா வந்திருக்குன்னு. பேங்க் நெசமாவே நல்லாத்தான் இருந்துது. ஆனா யார் நம்புவா? பெரிய அதிகாரி சாரைக் கூப்பிட்டு, அவங்களோட உங்களுக்கு எவ்வளவு போக்குவரத்துன்னு கேட்டார். நானும் ரூம்ல இருந்தேன். சார் சொன்னார், 'அவங்க வீட்டுச் சோறு எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது சார். தங்கச்சி கல்யாணத்துலகூட நான் சாப்பிடல'ன்னு. அவ்வளவுதான், ஃபைலை மூடிட்டாங்க. பேங்க்குக்கு ஒரு குறையும் வரல. இப்படி ஒரு மனுஷனை எங்கம்மா பாக்க முடியும்?"

சொல்லி முடித்தபோது செல்லப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையில் கலங்கிய கண். லில்லிக்கு அதைப் பார்க்க ஆத்திரமாக வந்தது.

"அப்ப என் கல்யாணச் சோத்த சாப்டாததக் காட்டி சர்டிபிகேட் வாங்கிக்கினாரா?"

"ஐயோ, அப்படி இல்லம்மா. உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்தினதே அந்த வார்த்தைதான்."

அதுவும் சரியாகத்தான் பட்டது. ஊரில் பாதிப் பேர் பணம் போட்டிருந்த வங்கி. அதற்கு ஒன்று ஆகியிருந்தால் ஆதிமூலம் தெருவில் தலைகாட்டியிருக்க முடியாது. அப்படியானால் இத்தனை வருஷமும் அண்ணன் பட்டினி கிடந்தது எங்களுக்காகத்தானா? அதே நிமிஷத்தில் இன்னொரு கணக்கு குறுக்கே வந்து நின்றது.

"எனக்கு எம்பத்தாறுல கல்யாணம். அப்பவே பேங்க் சோதனையிலயா இருந்தாரு?"

செல்லப்பன் யோசித்தார். யோசித்துக்கொண்டே போனவர் முகம் மெல்ல மாறியது.

"எம்பத்தாறா? அப்ப நானும் சாரும் கிழிஞ்ச நோட்டு மாத்திக் குடுக்கற கவுண்டர்லல்ல இருந்தோம். சோதனைக்கு மாத்தினது அதுக்கப்புறம்... ரொம்பப் பின்னாடிம்மா."

"அப்ப கல்யாணத்துல ஏன் சாப்டல?"

"அது... எனக்குத் தெரியலையே."

"சரி, ரிட்டயர் ஆனப்புறம்? இதே ஊர்லதான இருந்தாரு? அப்ப இன்னா கொற?"

செல்லப்பன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். "எனக்கும் ரிட்டயர் ஆகி வருஷமாச்சும்மா" என்றார். அவருக்கே அது அப்போதுதான் உறைத்ததுபோல இருந்தது.

போன் அடித்தது. லில்லி எடுக்கவில்லை.

கல்யாணத்தன்று கோபத்தில்தான் சாப்பிடாமல் போனாரோ? பிறகு வேலையின் சட்டம் அந்தக் கோபத்துக்கு ஒரு நல்ல சட்டையாக வந்து சேர்ந்ததோ? இல்லை, பின்னால் இந்த வேலைக்குப் போவோம் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தாரா? அண்ணன் அப்படிப்பட்ட ஆள்தான். இல்லை, அப்படிப்பட்ட ஆளே இல்லையோ? முப்பத்தொன்பது வருஷமாக ஒரு காரணமும் தெரியாமல் அழுதவளுக்கு இப்போது மூன்று காரணம் கிடைத்திருக்கிறது, ஒன்றுகூட முழுதாகப் பொருந்தவில்லை.

உள்ளே போய் அண்ணி எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எஸ்தர் அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். மகள் விமலா, புனேயிலிருந்து வந்தவள், தாயின் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்காத. எங்க வூட்ல அவரு ஏன் சாப்டல?"

எஸ்தர் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"நான் கேக்காத நாளா? கேட்டா, 'ஒருநாள் ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்த முடியாது'ம்பாரு. அதுக்கு இன்னா அர்த்தம்னு கேட்டா பேப்பர எடுத்து மூஞ்சிக்கு நேரா புடிச்சிக்குவாரு. வூட்டுப் பணத்த எந்த பேங்க்ல போடறதுன்னுகூட சொன்னது கெடையாது லில்லி. நான் எல்லாத்தையும் போஸ்ட் ஆபீஸ்ல போட்டு வச்சிருக்கேன்." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "உங்க வூட்ட தாண்டும்போது மட்டும் ஸ்கூட்டர ரொம்ப மெதுவா ஓட்டுவாரு. நீ மீன் கொழம்பு வைக்கற நாள்ல நின்னே போய்டும்."

லில்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க ஒரு ஸ்பீட் பிரேக்கரும் இருக்குது. அதனாலயோ இன்னாவோ" என்றாள் எஸ்தர், பொய் சொல்லத் தெரியாதவள்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் பனி படிந்து கண்ணாடி மங்கியிருந்தது. எஸ்தர் முந்தானையால் துடைத்தாள். மங்கல் உள்பக்கம் என்பதால் போகவில்லை.

"சோறு உங்க வூட்லேர்ந்துதான வருது?" என்று கேட்டாள் எஸ்தர்.

"வரலாமா அண்ணி?"

"வேற எங்கேருந்து வரும்?"

லில்லி கொல்லைப்பக்கம் போய் ஆதிமூலத்துக்குப் போன் செய்தாள்.

"போடுங்க."

"அப்பாடா. ரெண்டு தரம் வெந்நீ வத்தி மறுபடியும் ஊத்தியாச்சி. வேற இன்னா?"

"பொட்டி மூடறதுக்குள்ள நீங்க வந்துடுங்க. வரும்போது மூட்டையிலேருந்து ஒரு புடி அரிசி எடுத்துக்கினு வாங்க. துணியில முடிஞ்சி."

ஆதிமூலம் சிரித்த முகத்துக்காரர், எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர். இப்போது கேலி வரவில்லை.

"வாய்க்கரிசியா? உங்காளுங்க அத போட மாட்டீங்களேடி. சாமியாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"கொண்டாங்கன்னா கொண்டாங்க."

செத்தவர் வாயில் அரிசி போடுவது ஆதிமூலம் வீட்டு வழக்கம். மாமனாருக்கும் மாமியாருக்கும் லில்லியே போட்டிருக்கிறாள். பிறந்த வீட்டில் அந்த வழக்கம் இல்லை. தீர்த்தம் தெளித்து, சாம்பிராணி போட்டு, சிலுவை வரைந்து அனுப்பிவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இனிமேல் ஒரே ஒரு வழிதான் இருந்தது. என் வீட்டு அரிசி ஒருபிடி அவர் வாய்க்குள் போக வேண்டும். காரணம் எதுவாக இருந்தாலும் சரி, அந்தக் கணக்கை அதோடு முடித்துவிட வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பங்குச் சாமியார் வந்தார். அதற்குள் அண்ணனைச் சவப்பெட்டிக்கு மாற்றி, கைகளைக் கோத்து ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். ஆதிமூலம் கூட்டத்துக்குள் நுழைந்து வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு ஆண்கள் பக்கம் போய் நின்றுகொண்டார். ஜெபம் நடக்கும்போதே லில்லி முடிச்சை அவிழ்த்தாள். அரிசியை வலது கைக்குள் மூடிக்கொண்டாள்.

கடைசியாக முகம் பார்க்க ஒவ்வொருவராகப் போனார்கள். எஸ்தர் போனாள், விமலா போனாள். செல்லப்பன் காலடியில் நின்று குனிந்து கும்பிட்டார். லில்லி தலைமாட்டுக்குப் போனாள்.

தாடைக் கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். உதடு லேசாக, ஒரு அரிசி போகிற அளவுக்கு, பிரிந்திருந்தது. இனி வயிறு சரியில்லை என்று சொல்ல முடியாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போக முடியாது. முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியாது. அவள் மூடிய கையை அவர் வாயருகே கொண்டுபோனாள். விரல் முட்டியில் அவர் மோவாய் பட்டது. குளிர்ச்சி சுரீரென்றது.

அவங்க வீட்டுச் சோறு எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது சார்.

செல்லப்பன் சொன்னபோது கேட்ட வார்த்தை இப்போது அண்ணன் குரலிலேயே கேட்டது. எதற்காகச் சொன்னாரோ, யாரைக் காப்பாற்றச் சொன்னாரோ, எப்படியோ அது மெய்யான வார்த்தை. வாழ்நாள் முழுக்கப் பிறர் எழுதி வைத்தது மெய்யா பொய்யா என்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் தன் வாயால் சொன்ன வார்த்தை. இந்தக் கையைத் திறந்தால், பெட்டிக்குள் படுத்திருக்கும்போது, பதில் பேச முடியாதபோது, அது பொய்யாகிவிடும். அப்படி நினைத்தபோதே அவளுக்கு இன்னொன்றும் தோன்றியது. போடாமல் விட்டால், அண்ணன் பசியோடுதான் போகிறார். எது பாவம்? அண்ணா, எதைச் செய்தால் உனக்குப் பிடிக்கும்? சின்ன வயதில் ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள்தானே நாம் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். அவர் எப்போதும்போலப் பேசாமல் இருந்தார்.

"ஆச்சாம்மா?" என்றார் சாமியார், பின்னாலிருந்து, அன்பாகவே.

கையைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு ஒதுங்கினாள். மூடியை வைத்தார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் வெளியூர் கார்கள் செஞ்சிக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. ஊர்வலம் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று. குழியில் பெட்டியை இறக்கியதும் ஆளுக்கு ஒருபிடி மண் போட்டார்கள். லில்லி இடது கையால் மண்ணை அள்ளினாள்.

"சோத்துக் கையால போடுக்கா" என்றான் பக்கத்தில் நின்ற செந்தமிழன்.

அவள் காதில் வாங்கவில்லை. இடது கையாலேயே போட்டாள். வலது கை அந்த நேரம்வரை திறக்கவேயில்லை.

திரும்பி வந்தபோது சாவு வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் மில்லின் குட்டியானை வண்டி நின்றது. ஆதிமூலம் முன்னாடியே வந்து, பின்கதவைத் திறந்துபோட்டு அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே இலை போடும் சத்தம் கேட்டது. செல்லப்பனையும் பிடித்து உட்காரவைத்திருந்தார்கள். பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார்.

"போட்டியா?" என்று கேட்டார் ஆதிமூலம், மெதுவாக.

லில்லி வண்டியின் மறைவில் நின்று கையை விரித்தாள். வியர்வையில் அரிசி உள்ளங்கையோடு ஒட்டிக்கிடந்தது. கீழே கொட்ட மனம் வரவில்லை, அது சோறு. பிணத்தின் வாய்வரை போய் வந்த அரிசியைப் பானையில் சேர்க்கவும் முடியாது. கையை வாய்க்குக் கொண்டுபோய் நாக்கால் வழித்துக்கொண்டாள்.

"ஏய், இன்னாடி இது! அதப் போய் யாராவது... துப்பு. துப்புடி லில்லி!"

அவள் தலையை ஆட்டினாள். பச்சை அரிசி பல்லில் நறநறவென்றது. சீக்கிரம் மசிகிற அரிசி இல்லை. ஆதிமூலம் கைகளைத் தொங்கவிட்டபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மென்றுகொண்டே லில்லி குனிந்து, சோற்று அண்டாவின் ஒரு பக்கக் காதைப் பிடித்தாள். மறு பக்கத்தைப் பிடிக்கச் சொல்லி அவருக்குக் கண்ணைக் காட்டினாள்.